கேரியரில் உட்கார்ந்து சொன்ன பதில்

இன்று காலை சைக்கிள் கடைக்காரன் உன் இடத்தில் கை வைத்தான். கேரியரைத்தான் சொல்கிறேன். கம்பி துருப்பிடித்து ஒரு பக்கம் தொங்கிவிட்டது.

"பெருசு, இத்த கழட்டிக் கடாசிடு. இனிமே பின்னாடி யாரு குந்தப் போறா?" என்றான்.

"உன் மாமியாரு" என்றேன்.

சிரித்துக்கொண்டே, நீ கோணியில் தைத்துக் கட்டிய மெத்தையை அவிழ்த்தான். உள்ளேயிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்று விழுந்தது. நான் படித்துக் கேட்பதற்காக இங்கிலீஷ் கேள்விகளைத் தமிழ் எழுத்தில் எழுதித் தந்தாயே, அதுதான். முதல் வரி: 'டூ யூ ரைடு எ பைசிக்கிள்?'

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனை இங்கிலீஷ் பரீட்சை நடத்த வைத்தவள் நீ ஒருத்திதான்.

இருபது வருடம் நர்ஸாக இருந்த உனக்கு வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை தயாராக இருந்தது. இங்கிலீஷ் பேச்சுத் தேர்வுதான் இடித்தது. ஒரு தடவை தோற்றிருந்தாய். வீட்டில் உனக்கு ஏது நேரம்? அதனால் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை, உன்னை வேலைக்குக் கொண்டுபோய் விடும் அந்த அரைமணி நேரம்தான் வகுப்பு. நான் முன்னால் பார்த்துக் கேள்வி கேட்பேன். நீ என் முதுகைப் பார்த்துப் பதில் சொல்வாய். கண்டெய்னர் லாரி சத்தத்தில் கத்தித்தான் சொல்ல வேண்டும். காசிமேட்டில் வலை பிரிக்கிறவர்களுக்கெல்லாம் உன் பதில் மனப்பாடம்.

பயிற்சி வகுப்பில் எழுதிக் கொடுத்த பதில் அது. ஏழாவது பிறந்தநாளுக்கு அப்பா சிவப்பு சைக்கிள் வாங்கித் தந்தாராம். தோழிகளோடு பூங்காவில் ஓட்டினாயாம். உங்கப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். சைக்கிள் பெல்கூட வாங்கித் தந்ததில்லை. நீ ஒரு நாளும் சைக்கிள் ஓட்டியதில்லை.

"யோவ், இது பொய்யி. திருப்பிக் கேட்டா மாட்டிக்குவேன்" என்றாய்.

"பின்னாடி குந்திகினு போறேன்னு சொன்னா எவன்மே மார்க்கு போடுவான்? சும்மா ஓட்டு மேடம், செவப்பு சைக்கிள!" என்றேன்.

இரண்டாவது தேர்வில் அப்படியே ஆனது. பரீட்சை வைத்த அம்மாள், முதன்முதலில் எங்கே விழுந்தாய் என்று கேட்டிருக்கிறாள். ஓட்டினவளுக்குத்தானே விழுந்த இடம் தெரியும்?

முடிவு வந்த அன்று மத்தியானம் நீ தட்டைத் தொடவில்லை. நான் வஞ்சிரக் குழம்பை ஊற்றி இரண்டாம் முறை சோறு வாங்கினேன். நீ கரண்டியைக் கீழே வைத்தாய்.

"நான் ஃபெயிலானது உனுக்கு அவ்ளோ ருசியாவா கீது?"

சிரித்து மழுப்பினேன். நீ சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து மூன்று நாள் பஸ்ஸில் போனாய். கேரியர் காலியாக லொடலொடத்துக்கொண்டு என்னோடு வேலைக்கு வந்தது.

நாலாம் நாள் வந்து கேரியரில் உட்கார்ந்தாய். கடைசித் தேர்வுக்கு இன்னும் ஒரு வாரம். அதிலும் தோற்றால் அந்த வேலை வேறொருத்திக்குப் போய்விடும்.

"நான் போவக் கூடாது. அதானே உனுக்கு?"

நான் பெல் அடித்தேன். முன்னால் ஓர் ஆள் இல்லை.

"பெல்ல வுடு. வாயத் தொற."

"நீ போய்ட்டா நான் யார கலாய்க்கறது?"

"நீ கலாய்க்கறதுக்கா என்ன பெத்துப் போட்டாங்க?"

ஒரு டிரெய்லர் லாரி ஒரு சாண் இடைவெளியில் எங்களைத் தாண்டிப் போனது. காற்றில் சைக்கிள் ஆடியது. நீ என் சட்டையைப் பிடிக்கவில்லை. சீட்டின் ஸ்பிரிங்கைத்தான் பிடித்துக்கொண்டாய். அதுதான் எனக்கு உறைத்தது. நீ தேறினால் எனக்கு வீடு காலி. தோற்றால் நீ என் பின்னால்தான் இருப்பாய், ஆனால் சட்டையைப் பிடிக்க மாட்டாய். இது எனக்கு விளங்க நாலு தெரு ஆனது.

தொண்டையைக் கனைத்துக்கொண்டு, முதல் தடவையாகக் கேலி இல்லாமல் கேட்டேன்: "டூ யூ ரைடு எ பைசிக்கிள்?"

நீ சொன்னாய்: "நோ."

பிரேக்கைப் பிடித்துவிட்டேன். "இன்னாமே, நோன்னா கதை அங்கியே முடிஞ்சிடுமே!"

"முடியாது. நீ மெறி."

மிதித்தேன். அதற்குப் பிறகு நீ சொன்னதில் எனக்குப் புரிந்தது 'ஹஸ்பண்டு' ஒன்றுதான். அந்த வாரம் முழுக்க அந்த ஒரு வார்த்தைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு மிதித்தேன்.

தேர்வு முடிந்து வெளியே வந்து நேராகக் கேரியரில் ஏறினாய். கேட்கப் பயந்து பாரிமுனை தாண்டும்வரை மிதித்தேன்.

"பின்னாடி குந்தினா ரோடே தெரியாதே, திருப்பம் வர்றது எப்படித் தெரியும்னு கேட்டாங்க" என்றாய் கடைசியில்.

"நீ இன்னா சொன்ன?"

"மொதல்ல அவரு தோளு சாயும், அப்புறந்தான் ரோடு திரும்பும்னு சொன்னேன். அந்தம்மா எழுதறத நிறுத்திட்டு என்னப் பாத்தாங்க. ஹஸ்பண்டு இல்லாத ஊர்ல இன்னா செய்வேன்னாங்க."

"அதுக்கு?"

"எறங்கி நடப்பேன்னேன்."

சொல்லிவிட்டு என் சட்டையைப் பிடித்துக்கொண்டாய். தேறிவிட்டாய் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. "மார்க்குல பாதி எனுக்கு" என்று மட்டும் சொன்னேன்.

போனாய். ஐந்து வருடம் அங்கே நடந்தாய். திரும்பி வந்தபோது நோய் தின்றது போக உடம்பில் பாதிதான் இருந்தது. மாதாகோவிலுக்கு இரண்டு ஞாயிறு கேரியரில்தான் வந்தாய். மூன்றாவது ஞாயிறு உன்னைப் பெட்டியில் வைத்து வேறு வண்டியில் கொண்டுபோனார்கள்.

கடைக்காரனிடம் கேரியருக்கு வெல்டிங் வைக்கச் சொன்னேன். காகிதத்தை மெத்தைக்குள்ளேயே திணித்துக் கட்டியாயிற்று. இப்போதும் கோவில் திருப்பம் வரும்போது, கொஞ்சம் முன்னாலேயே தோளைச் சாய்த்துவிட்டுத்தான் ஹேண்டில்பாரைத் திருப்புகிறேன்.