நான் பேசியதும் நீ ஜெயித்ததும்

அண்ணா,

இன்று காலை கும்மிடிப்பூண்டி பஜாரில் இஸ்திரி வண்டியைத் தாண்டும்போது, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையிலிருந்து ஆவி கிளம்பியது. எம்.எல்.ஏ. ஆன பிறகு உன்மேல் வந்த வாசனை. நீ இறந்து இரண்டு மழைக்காலம் போய்விட்டது. எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

அதற்கு முன் நம் இருவர்மேலும் ஒரே சேற்று வாசனைதான். கவரைப்பேட்டையில் அப்பா விட்டுப்போன நிலத்தில் நீ உழுதாய், நான் நட்டேன். ஒரு வருஷம் கம்பெனிக் கழிவு வாய்க்காலில் கலந்து நாற்றங்கால் முழுதும் கருகிப்போனது. ஊரைத் திரட்டிக் கம்பெனி வாசலில் உட்கார வைத்தது நான். தொண்டை கிழியப் பேசியதும் நான். நீ கடைசி வரிசையில், பக்கத்து வயல்காரர் புலம்புவதைக் கேட்டுக்கொண்டிருந்தாய்.

அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கி, "இங்க யாரு தலைவரு?" என்றார். ஆம்பளைகள் எல்லோரும் திரும்பி உன்னைக் காட்டினார்கள். அவருக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தவள் நான்.

கழிவுக் குழாயை அடைத்தார்கள். தேர்தல் வந்ததும் கட்சிக்காரர்கள் நம் வீட்டுக்கு வந்தார்கள்.

"எனுக்கு இன்னா பேசத் தெரியும்? பாப்பாவ நிக்க வையுங்க. அதான் பேசுச்சு" என்று என்னைக் காட்டினாய்.

"அத்த அப்பால பாத்துக்கலாம் தலைவரே" என்று சிரித்தார்கள். நான் டீ கொடுத்துக்கொண்டிருந்தேன். நீ இன்னொரு தரம் சொல்லவில்லை.

ஜெயித்தாய். சட்டமன்றத்தில் முதன்முதலாகப் பேசுவதற்கு முந்தின நாள் போன் செய்தாய்.

"பாப்பா, இன்னா பேசறதுன்னே தெர்லம்மா."

"வாய்க்கால்ல ஆரம்பிண்ணா. நாத்து கருகினத அப்புடியே சொல்லு. 'எங்க ஊட்டுக் கொழந்தைங்க அந்தத் தண்ணியிலதான் கால் வெக்குது'ன்னு சொல்லிட்டு நிறுத்திடு."

நிறுத்தினாய். டீவியில் அந்த ஒரு வரிதான் திரும்பத் திரும்ப ஓடியது. "உங்க அண்ணன் இன்னாமா பேசறாரு!" என்றது தெரு. நான் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு வயலுக்குள் இறங்கி நிற்பாய். "நீ குடுத்து வெச்சவ பாப்பா. நான் மனு வாங்கிக்கினே கெடக்குறேன்."

"அப்போ மாத்திக்கலாமா?" என்றேன். நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை.

மாரடைப்பில் நீ போன அன்று, உன் பக்கத்தில் வர எனக்கு வழி கிடைக்கவில்லை. வள்ளூரிலிருந்தெல்லாம் வந்து, "எங்க அண்ணன் பூட்டாரே" என்று கதறினார்கள். அந்த அழுகையிலும் எனக்குப் பொறாமைதான் வந்தது. அப்படிக் கூப்பிட நான் ஒருத்திதானே இருந்தேன்?

போன மாதம் குழாயை மறுபடி திறந்துவிட்டார்கள். தாலுகா ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் நான் எழுந்து பேசினேன். இந்த முறை யாரும் திரும்பி வேறு ஆளைக் காட்டவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். குழாயை உடனே அடைக்கச் சொல்லி அதிகாரி உத்தரவு போட்டார்.

வெளியே வந்து வாசலில் வெகுநேரம் நின்றேன். நீ நின்றால் பெண்கள் சூழ்ந்துகொள்வார்கள். மகள் பிரசவத்திலிருந்து புருஷன் குடிவரைக்கும் சொல்லி அழுவார்கள். நீ வாயே திறக்காமல் கேட்பாய். என்னிடம், "நல்லாப் பேசுனீங்கக்கா" என்று சொல்லிவிட்டு எல்லோரும் பஸ் பிடிக்கப் போய்விட்டார்கள்.

அந்த எரிச்சலைத்தான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன் அண்ணா. போகும்போது அதையும் நீ கூடவே எடுத்துக்கொண்டு போயிருக்கலாம்.