கஸ்தூரியின் புது முட்டி

வியாழன் இரவு, பசியாவரம்.

முடக்குவாதத்தில் படுத்துவிட்ட என் மனைவி கஸ்தூரிக்கு இரண்டு முட்டியையும் மாற்றி வைத்த டாக்டரிடம் இன்று போய்வந்தோம். அவர் காலை மடக்கி நீட்டி அளந்து பார்த்தார்.

"நல்லா மடங்குதும்மா. முன்னைக்கு இப்ப எப்படி இருக்கு?"

கஸ்தூரி கோணிப்போன விரலால் என்னைக் காட்டினாள்.

"முன்னெல்லாம் ராவுல பாத்ரூமுக்கு இவருதான் தூக்கினு போவாரு சார். இப்ப எழுப்பாமலே போய்ட்டு வந்துர்றேன். நாள் பூரா வலை இழுக்கிற மனுசன், தூங்கட்டும்னு."

டாக்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

படகில் எங்கள் தீவுக்குத் திரும்பும்போது அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவள் எழுந்தாலே எனக்கும் விழிப்பு வந்துவிடுகிறது. சுவரைப் பிடித்து நடந்து அவள் திரும்பிவந்து படுக்கும்வரை, விழுந்துவிடக் கூடாதே என்று கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கூப்பிடுகிறாள், "இன்னும் தூங்கலையா?" என்று. போய்ப் படுக்க வேண்டும்.