புகார் எண் 43

ஜூன் 9, திங்கள்

ஓய்வு பெற்று இரண்டு வருடம் கழித்து மறுபடியும் பள்ளி வாசல். பாடம் நடத்த அல்ல, கம்ப்யூட்டர் புகார்ப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ள. "நீங்க வந்தாதான் சார் ஒரு ஒழுங்கு வரும்" என்றார் தலைமை ஆசிரியை. பழுது பார்க்க நான்கு பள்ளிகளுக்குச் சேர்த்து ஒரே ஒரு பெண். இங்கே செவ்வாய், வெள்ளி மட்டும். எதற்கும் "முதல்ல ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?" என்று கேட்பதால் பெயரே ரீஸ்டார்ட் அக்கா.

ஜூன் 10

அவளை ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். விதி போட்டுவிட்டேன். வாய்ச்சொல் செல்லாது, எழுத வேண்டும், எழுதிய வரிசையில்தான் வேலை. டாக்டரிடம் டோக்கன் வாங்குவது மாதிரி என்று எல்லோரிடமும் சொன்னேன்.

"இன்னைக்குத்தான் சார் டீயைச் சூடாக் குடிச்சேன்" என்றாள்.

ஜூன் 17

சிறப்புக் குழந்தைகள் வகுப்பு டீச்சர் நடையில் மறித்தார். "சார், அந்த டேப்லெட்—"

"எழுதுங்கம்மா."

எழுதினார். எண் 43: டேப்லெட் சார்ஜ் ஏறவில்லை.

ஜூன் 20

அதையே 51 என்று மறுபடி எழுதியிருக்கிறார். சிவப்பு மையால் அடித்தேன். ஒரே விடையை இரண்டு தரம் எழுதினால் இரண்டு மதிப்பெண்ணா?

ஜூன் 24

61-உம் அதுவே. 'தயவுசெய்து' சேர்த்து. அடித்தேன்.

ஜூன் 27, வெள்ளி

43-இன் முறை வந்தது. நானும் கூடப் போனேன். சார்ஜர் வயரை மாற்றினாள், நான்கு நிமிடம். திரையில் படங்கள் வந்தன. தண்ணீர், வலி, அம்மா. தொட்டால் பேசும். குருவி என்று எல்லோரும் கூப்பிடும் எட்டு வயதுப் பெண்ணுக்குப் பேச்சு அதில்தான். வாயால் வராது.

பத்து நாள்.

டீச்சர் குரலை உயர்த்தவில்லை. "நடுவுல காது வலிச்சிருக்கு சார். எங்கன்னு காட்டத் தெரியல. சுவத்துல தலையை முட்டிக்கிட்டா. சீழ் வந்த பிறகுதான் எங்களுக்கே தெரிஞ்சுது. அந்தக் காது இனி சரியாக் கேக்குமான்னு தெரியலையாம்."

படி இறங்கும்போது ரீஸ்டார்ட் அக்கா மெதுவாகக் கேட்டாள்: "மூச்சு முட்டுறவங்க வந்தா டாக்டர் டோக்கனா கேப்பாரு சார்?"

என் உதாரணம்தான். எனக்கு ஏன் தோணல? பிள்ளைங்க முகத்தைப் பாத்தே பசியா காய்ச்சலான்னு சொன்னவனாச்சே நான். ஒரே ஒரு தடவை அந்த ரூமுக்குப் போயிருந்தா—

ஜூலை 1

பதிவேட்டில் புதிதாக ஒரு கட்டம்: 'இது இல்லாவிட்டால் யாருக்கு என்ன ஆகும்?' பாதிப் பேர் நிரப்பவில்லை. அறை அறையாகப் போய் நானே கேட்டு எழுதினேன். முட்டி வலிக்கிறது. வலிக்கட்டும்.

ஜூலை 4

குருவி டேப்லெட்டைத் தொடுவதே இல்லை. மேசை ஓரத்துக்குத் தள்ளிவிடுகிறாள். நான்கு நாளாக இடைவேளையில் பக்கத்தில் போய் உட்கார்கிறேன். அவள் காதில் பஞ்சு.

இன்று சொல்லிவிட்டேன். "தாத்தா பண்ணினது தப்பும்மா."

நெடுநேரம் என்னையே பார்த்தாள். டேப்லெட்டை இழுத்தாள். ஒரு படத்தைத் தொட்டாள்.

"வேண்டாம்" என்றது அது.

எழுந்து வந்தேன்.

மாலையில் ரீஸ்டார்ட் அக்கா பதிவேட்டைப் புரட்டினாள். "முடிச்ச வேலையில 43 மட்டும் பாக்கி நிக்குது. 'சரியாயிடுச்சு'ன்னு போட்டுடலாமா சார்?"

சிவப்புப் பேனாவைத் திறந்தேன். மூடிவிட்டேன்.