கீழ் டோவில் ஒரு பஸ் தரிப்பிடம்

மாமா,

இன்று காலை உங்களுடைய கீபோர்டில் ஒரு புதுப் பெடியனை இருத்தினோம். உருத்திரபுரத்திலிருந்து வருகிறான். முன்பல் இரண்டும் விடுமுறையில். ஹெட்போனை மாட்டியவன் உடனே கழற்றி, அதன் பஞ்சை மணந்து பார்த்துவிட்டு, மண்டபம் முழுக்கக் கேட்க அறிவித்தான்.

"ரீச்சர், இதுக்குள்ளை ஆரோ ஒரு வயசுபோன ஆள் இருக்கிறார்."

ரீச்சர் என்னைப் பார்த்தா. நான் கூரையைப் பார்த்தேன். கழுத்து நோவுக்கு நீங்கள் பூசுகிற பச்சை எண்ணெய் அந்தப் பஞ்சில் ஊறிப்போய், நீங்கள் போன பிறகும் சனிக்கிழமை தவறாமல் வகுப்புக்கு வருகிறது. நீங்கள் இருந்தபோதுகூட இவ்வளவு ஒழுங்காக வந்ததில்லை.

நீங்கள் முதல்முதலாக வந்த நாளும் ஒரு சனிக்கிழமைதான். எங்கள் சனசமூக நிலைய வாசலில் 'பியானோ வகுப்பு' என்று பலகை தொங்கியது. உள்ளே பியானோ என்று ஒன்று கிடையாது. வரிசையாகச் சில கீபோர்டுகள், வயர்க் காடு, ஆளுக்கொரு ஹெட்போன். மடிப்புக் குலையாத சேட்டோடு நீங்கள் வந்து என் பக்கத்து வாங்கில் உட்கார்ந்தீர்கள். பேரப்பிள்ளையைக் கூட்டிப்போக வந்திருக்கிறீர்கள் என்று நினைத்த ரீச்சர், ஆரை ஏற்ற வந்தீர்கள் ஐயா என்று மரியாதையாகக் கேட்டா.

"நான் ஒருத்தரையும் ஏத்த வரேல்லை, பிள்ளை. ஏறத்தான் வந்தனான்."

காலம் முழுக்க மல்லாவி றோட்டில் பஸ் ஓட்டியவர் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. இந்த வயதில் ஏன் என்று நான் நேரடியாகவே கேட்டேன். எனக்குச் சுற்றி வளைக்க வராது. இளைப்பாறிய பிறகு கை இரண்டும் சும்மா இருக்குதில்லை என்றீர்கள். சாப்பிடும்போது சோற்றுக் கோப்பையை ஸ்டியரிங்போலப் பிடித்துத் திருப்புகிறதாம். மாமி ஏசுகிறாவாம்.

வகுப்பில் ஹெட்போன் போட்டுக்கொண்டுதான் பழகுவோம். அவரவர் வாசிப்பது அவரவருக்கே கேட்கும். வெளியே போகிறவர்களுக்கு, ஒரு கூட்டம் வாயைத் திறக்காமல் மேசையைத் தட்டுவதுதான் தெரியும். வாய்க்குத் துணி கட்டிப் பூசை செய்கிறோமாக்கும் என்றீர்கள். அந்த மௌனத்துக்குள்தான் நாங்கள் இருவரும் கூட்டுச் சேர்ந்தோம். எங்களோடு பழக வருகிற வங்கி அண்ணன் ஒருவரின் ஹெட்போன் வயரைக் கழற்றி என் கீபோர்டிலும், என்னுடையதை அவருடையதிலும் நான் மாற்றிச் செருகியபோது, குனிந்து சப்பாத்து நூல் கட்டுவதுபோல மறைப்புக் கொடுத்தவர் நீங்கள். உங்கள் காலில் இருந்தது செருப்பு. அந்த மனிதர் வாசித்துக்கொண்டிருந்தார். இடையில் கையை எடுத்தார். பாட்டு நிற்கவில்லை. தன் பத்து விரலையும் முகத்துக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீங்கள் சிரிப்பை அடக்கப்போய்ப் புரைக்கேறி, ரீச்சர் தண்ணீர் கொண்டு ஓடி வந்தா.

வாசிப்பைப் பற்றிச் சொன்னால், மாமா, குறை நினைக்காதீர்கள். உங்களிடம் தாளம் கொஞ்சம், தாராளம் நிறைய. விரலுக்கு வராத சுரத்தை வரவழைக்க ஒரு மலேரியா நுளம்பு கடித்தால் போதும் என்று நான் சொன்னபோது, என் கணக்குச் சோதனைப் புள்ளியைக் கேட்டு என் வாயை அடைத்தீர்கள்.

வகுப்பு முடிவில் ஹெட்போனைக் கழற்றிவிட்டு ரீச்சரின் மெட்டைச் சேர்ந்து வாசிக்கும்போது, மூன்றாவது வரியில் நீங்கள் எப்போதும் வழி தவறுவீர்கள். தவறினால் நிறுத்துவீர்கள். நீங்கள் நிறுத்தினால் எல்லோரும் நிறுத்தி உங்களைப் பார்ப்போம். ஒருநாள் வெள்ளைப் பிளாஸ்டர்த் துண்டொன்றில் 'தரிப்பிடம்' என்று எழுதிக் கொண்டுவந்து, உங்கள் கீபோர்டின் இடப்பக்கத்து 'டோ' சுரக் கட்டையில், அதுதான் எங்கள் கீழ் டோவில், ஒட்டினீர்கள்.

"வழி தெரியாட்டில் ஓடித் திரியப்படாது. தரிப்பிடத்திலை நிண்டால் பஸ் சுத்தி வரும். வரேக்கை ஏறவேண்டியதுதான்."

ரீச்சர் முதலில் சிரித்தா. அடுத்த கிழமை அதையே வகுப்பின் சட்டமாக்கிவிட்டா. தொலைந்தவர் கீழ் டோவைத் தாளத்துக்குத் தட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மெட்டு சுற்றி முதல் வரிக்கு வந்ததும் ஏறிக்கொள்ள வேண்டும். அதன்பிறகு ஒருவரும் பிழைக்குப் பயப்படவில்லை. தரிப்பிடத்தில் எப்போதும் யாராவது ஒருவர் நின்றார். நீங்கள் அங்கே வேலியடைத்துக் காணியே பிடித்துவிட்டீர்கள்.

அப்போதுதான் நிலையத் தலைவர் வந்தார். இந்த வகுப்புக்குச் சோதனை இருக்கா, சேர்ட்டிபிக்கேற் இருக்கா, ஒன்றுமில்லையென்றால் பிறகு எதற்கு என்று கேட்டார். கணக்கு ரியூஷனுக்குச் சனிக்கிழமை காலை மண்டபம் தேவையாம். ஆண்டு விழாவில் வாசித்துக் காட்டுங்கள், பார்த்து முடிவெடுப்போம் என்று சொல்லிப் போனார். வவுனியாவிலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிற ரீச்சர், ஒவ்வொரு கீபோர்டாகத் துடைத்து மூடினா. வீட்டுக்குப் போகும்போது சைக்கிளை உருட்டிக்கொண்டே நீங்கள் சொன்னீர்கள்.

"சனிக்கிழமை போச்செண்டால், பிள்ளை, எனக்கு மிச்ச நாளெல்லாம் என்னத்துக்கு?"



விழா பின்னேரம் நடந்தது. ஊர் முழுக்கக் கதிரையில். தலைவர் முன்வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு. ஹெட்போன் இல்லாமல், எல்லாக் கீபோர்டும் வாயைத் திறந்தபடி, ரீச்சர் எழுதிய மெட்டைத் தொடங்கினோம். முதல் வரி நன்றாகப் போனது. இரண்டாவதும் போனது. நீங்கள்கூடத் தொலையவில்லை. அப்போது கரண்ட் ஒருமுறை கண்ணைச் சிமிட்டியது. எல்லாக் கீபோர்டும் செத்து, மறுகணமே உயிர்த்தன.

எந்த வரியில் நின்றோம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பழக்கதோஷம் மாமா. எல்லோருடைய விரலும் தானாகவே கீழ் டோவுக்குப் போனது. டொங். டொங். டொங். வகுப்பின் சரித்திரத்திலேயே முதல்முறையாக நாங்கள் அனைவரும் ஒரே நேரத்தில், ஒரே சுரத்தில், ஒரு மயிரிழை பிசகாமல் வாசித்தோம். மெட்டு சுற்றி வரும், ஏறுவோம் என்று நான் காத்திருந்தேன். வங்கி அண்ணனும் காத்திருந்தார். பிறகுதான் உறைத்தது. எல்லோரும் தரிப்பிடத்தில் நிற்கிறோம். பஸ்ஸில் ஒருவரும் இல்லை.

டொங். டொங். தலைவர் கட்டிய கையை அவிழ்த்து முன்னால் சாய்ந்தார். ரீச்சரின் கை அந்தரத்தில் நின்றது. நான் தொடங்கியிருக்கலாம். ஊரையே சிரிக்க வைக்கிற நான், ஊர் சிரித்துவிடுமோ என்று கீழ் டோவையே தட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது உங்கள் பக்கமிருந்து ஒற்றை விரலில் முதல் வரி கேட்டது. நெரிசலுக்குள்ளால் பஸ்ஸை எடுப்பதுபோல அவ்வளவு மெதுவாக. அதோடு விட்டீர்களா? கொண்டக்டரின் வேலையையும் நீங்களே பார்த்தீர்கள்.

"ஏறுங்கோ, ஏறுங்கோ. பின்னுக்கு இடம் கிடக்கு."

மண்டபம் சிரித்தது. நாங்கள் ஏறினோம். ஒவ்வொருவராக ஏற ஏற மெட்டு பெருத்துக்கொண்டே போய்க் கடைசி வரிவரை ஓடியது. மூன்றாவது வரியில் நீங்கள் வழக்கம்போல இறங்கிக்கொண்டதை நான் மட்டும்தான் கண்டேன்.

முடிந்ததும் தலைவர் மேடைக்கே வந்துவிட்டார். இடையில் எல்லோரும் ஒரே அடியாக அடித்த அந்தப் பகுதிதான் தனக்கு மெய்சிலிர்த்தது என்றும், அதை யார் எழுதியது என்றும் கேட்டார். நீங்கள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையாமல், அது நாங்கள் எல்லோரும் சேர்ந்து எழுதியது என்றீர்கள். கணக்கு ஞாயிற்றுக்கிழமைக்குப் போனது.

வயல்களில் நெல்லுச் சூடடிப்பு முடிந்த கிழமை நீங்கள் போனீர்கள். சிக்னல் போடாமல் ஒரு முடக்கிலும் திரும்பாத மனிதர், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கதிரையில் சாய்ந்தபடியே திரும்பிவிட்டீர்கள். செத்தவீட்டில் மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் எதிர்பாராத ஒன்றைச் சொன்னா.

"அவர் கடைசி நாளையிலை கோப்பையைத் திருப்பிறேல்லை, பிள்ளை. மேசையிலை ஒரே இடத்திலை தட்டிக்கொண்டிருப்பார். நான் ஏசேல்லை."

இப்போது சின்னவர்களின் வரிசையை ரீச்சர் என்னிடம் விட்டிருக்கிறா. குறும்பர்களைப் பிடிக்கக் குறும்புக்காரியே வேண்டுமாம். புதுப் பெடியனும் இன்று மூன்றாவது வரியில்தான் தொலைந்தான். அந்தக் கீபோர்டின் ராசியோ என்னவோ. இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு உதட்டைப் பிதுக்கினான். அவன் விரலைப் பிடித்து, ஓரம் கறுத்துப்போன உங்கள் பிளாஸ்டரின் மேல் வைத்தேன். இதிலேயே தட்டிக்கொண்டு நில், ஏற்ற வருவோம் என்றேன்.

"ஆர் வருவினம்?" என்று கேட்டான்.

அவனுடைய ஹெட்போன் வயரைக் கழற்றினேன். பக்கத்தில் உட்கார்ந்து, அவன் தட்டத் தட்ட, ஒற்றை விரலில், மெதுவாக முதல் வரியை எடுத்தேன். அவன் ஏறினான்.

லைசென்ஸ் இல்லைத்தான், மாமா. நீங்கள் சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியாது.