நான்கு பேருக்கு ஒரு படகு

மார்ச் 4

அடி வாயாடி,

நேற்று நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். படகுக் கடைக்காரர் "எத்தனை பேர் போவீங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ "நாலு பேர்" என்றாய். யாருடி அந்த நாலு பேர் என்று நான் கேட்கவில்லை. பஸ் நிலையம்வரை இரண்டு மைல் நடந்தோம், அப்போதும் கேட்கவில்லை. நீ சன்னல் வழியாகக் கையாட்டியபோது கேட்க வாயெடுத்தேன். பஸ் கிளம்பிவிட்டது.

நீயும் நானும் சேர்ந்து ஏரியில் ஓட்ட ஒரு மோட்டார் படகு வாங்குவது என்று கல்லூரி விடுதி மாடியில் துணி காயப்போட்டபடி முடிவு செய்து ஏழு வருடமாகிறது. அந்த ஏழு வருடமும் என் கணக்கில் இரண்டு பேர்தான்.

நேற்றுப் பார்த்த இரண்டு படகில் சின்னது பதினான்கு அடி. திறந்த படகு, இரண்டு இருக்கை, பின்னால் தொங்கும் எஞ்சின். என் பழைய காரின் பின்னால் ட்ரெய்லரில் கட்டி இழுத்துப் போகலாம். அலை அடித்தால் நனைவோம். பெரியது இருபத்து மூன்று அடி. எட்டுப் பேர் ஏறலாம், உள்ளே படுக்க ஓர் அறைகூட இருக்கிறது. அதற்குத் துறையில் நிரந்தரமாக இடம் பிடிக்க வேண்டும். கரையில் சேர்க்கும்போது ஒருவர் ஸ்டீயரிங்கிலும் இன்னொருவர் கயிற்றோடு முன்னாலும் நிற்க வேண்டும்.

இன்று கண்ணாடிக் கடையில் பதினொரு பேருக்குக் கண் பரிசோதித்தேன். "இது தெளிவா இருக்கா, அதுவா?" என்று எல்லோரிடமும் கேட்டேன். ஒருவர் மட்டும் "ரெண்டும் ஒண்ணுதாம்மா, நீயே பார்த்து ஒண்ணு போட்டுக் குடு" என்றார். எனக்கும் அப்படி யாராவது போட்டுக் கொடுத்தால் தேவலை. ராத்திரி சாப்பாட்டுக்குக்கூட உட்காரவில்லை, நின்றுகொண்டே முடித்தேன்.

யார் அந்த நாலு பேர்?

பூனை

* * *

மார்ச் 9

என் பூனையே,

கேட்டிருக்கலாமே! உன் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? உன் முகம் ஒரு மாதிரி இருந்ததைப் பார்த்துவிட்டு, சின்னதில் பெட்ரோல் வாடை உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

நான், நீ, அவர். மே மாதம் கல்யாணம் முடிந்ததும் அவரைக் கரையில் உட்காரவைத்து "பையைப் பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டா நாம் போக முடியும்? நாலாவது ஆள், உனக்கென்று வரப்போகிறவர். "வரமாட்டாரா என்ன, உன் ஃபிரண்டு என்ன சாமியாரா?" என்று அவரே கேட்கிறார். ஆகவே அவருக்கும் ஓர் இடம் போட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

நான் லிஃப்ட் கம்பெனிக்காரி. ஒரு கூண்டில் எத்தனை பேர் ஏறலாம் என்று தகட்டில் எழுதி ஒட்டுவதுதான் என் பிழைப்பு. எழுதியதற்கு மேல் ஒருவர்கூட ஏறக்கூடாது, ஆனால் குறைவாக ஏறினால் யாரும் கேட்க மாட்டார்கள். பெரியதில் இரண்டு பேரும் போகலாம் இல்லையா?

சரி, சண்டை வேண்டாம். விடுதியில் செய்ததையே செய்வோம். அவரவர் சீட்டில் எழுதி, மடித்து, ஒரே நேரத்தில் பிரிப்பது. விதி நினைவிருக்கிறதா? தனக்கு வேண்டியதை மட்டும்தான் எழுத வேண்டும். அடுத்தவளுக்காக எழுதினால் ஆட்டம் செல்லாது. இருபதாம் தேதி இருவரும் தபாலில் போடுவோம். போனில் பேசக்கூடாது. போனில் நான் ஜெயித்துவிடுவேன் என்று நீதான் எப்போதும் புலம்புவாய்.

உன் வாயாடி

* * *

மார்ச் 20

அன்புள்ள வாயாடிக்கு,

பெரியது.

யோசித்துப் பார்த்ததில் அதுதான் சரி. மழைக்கு ஒதுங்க இடம் இருக்கிறது. அலையில் ஆடாமல் போகும் என்று கடைக்காரரும் சொன்னார். உன் அவரும் வசதியாக உட்காரலாம். துறையில் இடம் பிடிக்க நானே எழுதிப் போடுகிறேன், அலுவலகம் என் கடைக்குப் பக்கத்தில்தான். கயிறு பிடிக்க நான் கற்றுக்கொள்கிறேன்.

கல்யாண வேலைகள் எப்படிப் போகின்றன? உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
பூனை

* * *

மார்ச் 20

அன்புள்ள பூனைக்கு,

சின்னது.

நன்றாக யோசித்தேன். பராமரிப்பு சுலபம், நீ தனியாகக்கூட எடுத்துப் போகலாம். நான் எப்படியும் மாதத்துக்கு ஒரு தடவைதான் வரமுடியும். அவருக்கு நீச்சல்கூடத் தெரியாது, கரையிலேயே இருப்பதாகச் சொல்லிவிட்டார். அவருக்கு வருத்தமில்லை.

நீ எனக்காக எதையும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

அன்புடன்,
வாயாடி

* * *

மார்ச் 26

அடியே,

உன் சீட்டு வந்தது. "உடம்பைப் பார்த்துக்கொள்" என்ற வரியை மூன்று தடவை படித்தேன். நீ என் உடம்பைப் பற்றி எப்போது கவலைப்பட்டாய்? எனக்குக் காய்ச்சல் வந்தபோது "செத்துத் தொலையாதே, நாளைக்குப் பரீட்சை" என்று சொன்னவள் நீ.

இரண்டு பேரும் பொய் எழுதியிருக்கிறோம். விடுதியில் எத்தனை சீட்டு பிரித்திருப்போம்! ஒரு தடவையாவது இப்படி ஆனதா? எந்த சினிமா, யாருக்கு சன்னலோரக் கட்டில் என்று தலைமுடியைப் பிடித்து இழுக்காத குறையாகச் சண்டை போட்டோம். "உனக்கு வேணும்னா சரி" என்று ஒருத்திகூட எழுதியதில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் நடந்துகொள்வதுபோல நாம் எப்போதிலிருந்து நடந்துகொள்ள ஆரம்பித்தோம்?

கடைக்காரர் இன்று எனக்குப் போன் செய்தார். "ரெண்டையும் வேற ஆளுங்க வந்து பார்த்துட்டுப் போயிருக்காங்க மேடம். பத்தாந்தேதி வரைக்கும்தான் பிடிச்சு வைப்பேன், அப்புறம் என்னைத் திட்டக்கூடாது" என்றார்.

மறுபடியும் எழுது. இந்தத் தடவை உண்மையை எழுது. நானும் எழுதுகிறேன், ஆனால் உன்னுடையது வந்த பிறகு. உன்னை நம்பவில்லை.

வாயாடி

* * *

ஏப்ரல் 1

வாயாடி,

சின்னது.

நான்கு நாளாக இந்த ஒரு வார்த்தையோடு வீட்டுக்குள் நடந்துகொண்டிருக்கிறேன். படிக்க எடுத்த புத்தகத்தில் ஒரே பக்கத்தை எத்தனை தடவை புரட்டினேன் என்று தெரியவில்லை. கடையில் ஒருவருக்கு இடது கண்ணையே இரண்டு முறை சோதித்துவிட்டு "வலது கண் பிரமாதமா இருக்கு" என்று சொல்லி அனுப்பப் பார்த்தேன்.

உன்னிடம் மறைத்தது ஒன்று இருக்கிறது. சீட்டைத் தபாலில் போடுவதற்கு இரண்டு நாள் முன்னால் கடைக்குத் தனியாகப் போனேன். "சும்மா நின்னுக்கிட்டே இருக்கீங்களே, ஒரு சுத்து வந்து பாருங்க" என்று கடைக்காரர் சின்னதை நீரில் இறக்கினார். முதலில் அவர் ஓட்டினார். பிறகு என்னிடம் கொடுத்துவிட்டு, "பயப்படாம முறுக்குங்க, அது ஒண்ணும் கடிக்காது" என்றார். வேகம் கூடியதும் முன்பக்கம் தூக்கிக்கொண்டு எழுந்தது. முகமெல்லாம் தண்ணீர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அவர் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார், எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அந்த இடத்தில் நீ இருக்க வேண்டும் என்று நினைத்தேன். வேறு யாரும் வேண்டாம் என்றும் நினைத்தேன்.

உன் அவர் நல்லவர். இதில் அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அவர் எதிரில் இருக்கும்போது நான் யோசித்துப் பேசுகிறேன். நீயும் அப்படித்தான் பேசுகிறாய், கவனித்திருக்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு, மூன்று மணி நேரம் போதும். அதை மட்டும் இரண்டு பேருக்கானதாக வைத்துக்கொள்ள முடியாதா? எனக்கென்று யாரும் வரவேண்டியதில்லை. வந்தாலும் அவருக்கு அந்தப் படகில் இடமில்லை.

எழுதிவிட்டேன். படித்துப் பார்க்காமல் ஒட்டுகிறேன்.

பூனை

* * *

ஏப்ரல் 6

பூனை,

பெரியது.

எனக்குக் கூட்டம் வேண்டும். அவருடைய அக்கா பிள்ளைகள் ஏறிக் குதிக்க வேண்டும். மழை வந்தால் எல்லோரும் உள்ளே நெருக்கியடித்து உட்கார வேண்டும். யாராவது எதையாவது தண்ணீரில் போட்டுவிட்டு ஒருவரையொருவர் திட்ட வேண்டும்.

இன்னொன்றையும் எழுதுகிறேன். உண்மையைக் கேட்டவள் நான்தானே. பத்து வருடமாக எனக்கு வாயாடி என்று பெயர். உன்னோடு இருக்கும்போதுதான் நான் அவ்வளவு பேசுகிறேன். நீ பேசாமல் இருப்பாய், எனக்குப் பதற்றமாக இருக்கும், ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பேன். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் தலை வலிக்கும். உன்மேல் கோபம் இல்லை, களைப்புதான். அவரோடு இருக்கும்போது நான் அதிகம் பேசுவதில்லை. அவர் பாட்டுக்கு ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார், நான் தூங்கிவிடுவேன். நான் யோசித்துப் பேசுவதாக நீ நினைத்தது அதுதான் பூனை. நான் யோசிக்கவில்லை. சும்மா இருந்தேன்.

நடு ஏரியில், இறங்கிப் போக முடியாத இடத்தில், நாம் இரண்டு பேர் மட்டும் மூன்று மணி நேரம் இருப்பதை நினைத்தால் எனக்கு மூச்சு முட்டுகிறது. இதையும் மறைத்தால் மறுபடி "அன்புள்ள பூனைக்கு" என்றுதான் எழுத வேண்டிவரும்.

பெரியதை நாங்கள் வாங்கிக்கொள்கிறோம். சின்னதை நீ வாங்கு. அதை வேறு யாரும் கொண்டுபோகக் கூடாது.

கல்யாணத்துக்கு வந்துவிடு. வராமல் இருந்துவிடாதே, பூனை.

வாயாடி

* * *

அக்டோபர் 12

வாயாடி,

உன் ஏப்ரல் கடிதத்துக்குப் பதில் எழுத ஆறு மாதமாகிவிட்டது. கல்யாணத்தன்று முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன், நீ பார்த்தாய். உன் மாமியார் என்னைப் பிடித்து உட்காரவைத்து அவருடைய கண்ணாடி பவர் சரிதானா என்று அரை மணி நேரம் கேட்டார். சரியில்லை என்று சொன்னேன். மாற்றச் சொல்.

நீ எழுதியதில் தப்பு ஒன்றும் இல்லை. முதல் தடவை படித்தபோது உன்னைக் கூப்பிட்டுத் திட்ட வேண்டும்போல இருந்தது. இரண்டாவது தடவை, பத்து வருடம் பேசிப் பேசி உனக்குத் தலை வலித்ததே என்று இருந்தது. அதற்குப் பிறகு படிக்கவில்லை.

ஏப்ரல் பத்தாந்தேதி காலையில் கடைக்காரரிடம் சின்னதை வாங்கினேன். "அந்த அம்மா வரலையா?" என்று கேட்டார். வேலை இருக்கிறது என்றேன். ட்ரெய்லரைப் பின்னால் தள்ளி நீரில் இறக்க மூன்று வாரம் ஆயிற்று எனக்கு. இப்போது யாரையும் கூப்பிடாமல் இறக்கி ஏற்றுகிறேன்.

கல்யாணத்துக்குப் பிறகு உங்கள் படகை ஏரியில் நான்கு தடவை பார்த்தேன். மூன்று தடவை தூரத்தில். ஒரு தடவை பக்கத்தில். நீ முன்னால் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாய், பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள், அவர் என்னைப் பார்த்துக் கையசைத்தார். நானும் அசைத்தேன். உன்னை எழுப்பட்டுமா என்று சைகையில் கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

பூனை