சுவரில் தொங்கிய வலை

கொக்கிலமேடு
12-7-1974

மகனுக்கு,

இங்கே நலம். நைலான் நூல் வாங்க நேற்றுப் பட்டணம் வந்தேன். வெயில் தாங்காமல்தான் உன் பல்கலைக்கழகத்துக் கலைக்கூடத்தில் ஒதுங்கினேன். உள்ளே போக இலவசம் என்றார்கள். உன்னைத் தேடி வந்ததாக நினைத்துக்கொள்ளாதே.

முதல் இரண்டு அறைகளில் இருந்தவை எனக்கு விளங்கவில்லை. மூன்றாவது அறையில் சுவர் நிறைய ஒரு பழைய பருத்தி வலை, நடுவில் பெரிய கிழிசலோடு தொங்கியது. அதைப் பார்த்த பிறகு என் கை சும்மா இருக்குமா? இடுப்பிலிருந்த வலையூசியை எடுத்துப் பொத்த ஆரம்பித்துவிட்டேன்.

வாட்ச்மேன் ஓடி வந்தார். "யோவ் பெருசு, இன்னா பண்ணிகினு கீற? அது ஆர்ட்டுயா!"

"ஆர்ட்டோ கீர்ட்டோ, கிழிஞ்சி கீதேபா! மீனெல்லாம் பூடும்!"

நின்றிருந்த மாணவர்கள் கைதட்டினார்கள். நானும் கண்காட்சியில் சேர்த்தி என்று நினைத்துவிட்டார்களாம்.

பாதி பொத்திய பிறகுதான் முடிச்சுகளைக் கவனித்தேன். எல்லாம் என் கை முடிச்சு. மூன்று வருஷத்துக்கு முன், நீ வீட்டைவிட்டுப் போன அன்று காணாமல்போன வலை.

கீழே சீட்டில் உன் பெயர் மட்டும் எழுதியிருந்தது. வலையைப் பின்னியவன் பெயர் எங்கே? நேரில் வந்து பதில் சொல். ஞாயிற்றுக்கிழமை நான் கடலுக்குப் போகப்போவதில்லை. வஞ்சிரத்தில் நடுத்துண்டை உனக்கென்று எடுத்துவைப்பதாக அம்மா சொல்கிறாள்.

உன் நைனா