வெயிலில் உட்காரும் கான்கிரீட்காரர்

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம் என்றுதான் அம்மா முதலில் எழுதச் சொல்வாள், இன்றைக்கு வரை அது உண்மைதான், நீயும் அங்கே நலமாக இருக்க வேண்டும். அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுவதுதான் நம் வீட்டுக் கடிதம், இது மட்டும் அவளுக்குத் தெரியாது, எல்லோரும் தூங்கிய பிறகு போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. போனில் சொல்லலாமே என்பாய், அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், எப்படிச் சொல்வது.

நீ விசாரித்து அனுப்பிய கான்கிரீட் கான்ட்ராக்டர் வாசலுக்கு மேலே கூரை போட்டுவிட்டார். எதைக் கேட்டாலும் அவர் சொல்லும் பதில் ஒன்றுதான், அதனால் நான் அவருக்கு வைத்த பெயரே 'கவலைப்படாதீங்க'. கலவையில் ஏன் இவ்வளவு தண்ணீர் என்று அம்மா கேட்டாள், "கவலைப்படாதீங்கக்கா, அப்பதான் மூலை முடுக்கெல்லாம் ஓடும்" என்றார். பாதி ஊற்றும்போது கலவை மிஷின் நின்றுவிட்டது, மீதியை மறுநாள்தான் ஊற்றினார்கள், அப்பா அன்று வேலைக்குப் போயிருந்தார். பிறகு கான்கிரீட்டுக்கு அடியில் கொடுத்திருந்த ஓரத்துப் பலகையைக் கழற்றினார்கள், அண்ணாந்து பார்த்தால் ஜல்லியெல்லாம் பல்லைக் காட்டுகிறது, ஸ்டூலில் ஏறி விரலை விட்டேன், உள்ளே கம்பி தட்டியது. இறங்குவதற்குள் கான்ட்ராக்டர் வந்து நின்றார். "என்ன பாப்பா, இன்ஜினியருக்கா படிக்கிறே? அப்பாகிட்ட எதையாவது சொல்லி அவர் தூக்கத்தைக் கெடுத்துடாதே" என்று சிரித்துக்கொண்டே ஸ்டூலைத் தூக்கி வேனில் போட்டுக்கொண்டார், நம் ஸ்டூல் இன்னும் திரும்பி வரவில்லை. அப்பா வருவதற்குள் அந்த இடத்தைப் பூசி மெழுகிவிட்டார்கள்.

அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன், "பெரியவன் பாத்து வெச்ச ஆளு, நீ உன் பாடத்தைப் பாரு" என்றார். அம்மாவோ, "வாயை மூடிக்கிட்டு இருடி, கோவிச்சுக்கிட்டுப் பாதியில போயிட்டா யாரைத் தேடுறது" என்கிறாள். ஆனால் அண்ணா, இன்று ஒன்றைக் கவனித்தேன். பலகை கழற்றிய ஓரத்தில் நல்ல நிழல், ஆனால் டீ குடிக்க கான்ட்ராக்டரோ அவர் ஆட்களில் ஒருவரோகூட அங்கே ஒதுங்குவதில்லை, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ரோட்டோர வெயிலில் உட்காருகிறார்கள். நிழலில் உட்காரச் சொன்னாள் அம்மா, நம் 'கவலைப்படாதீங்க' ஒரு தடவை மேலே பார்த்துவிட்டு, "வெயில் உடம்புக்கு நல்லதுக்கா" என்றார். அந்த நிழலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பது நம் அப்பா மட்டும்தான்.

நடுவில் கூரையை இன்னும் முட்டுக்கம்புகள் தாங்கிக்கொண்டிருக்கின்றன, அடுத்த வாரக் கடைசியில் வேறு வீட்டு வேலைக்கு அவற்றையும் எடுத்துக்கொண்டு போகிறாராம். வெளி இன்ஜினியர் ஒருவர் பார்க்கும்வரை ஒரு கம்பையும் தொடக்கூடாது என்று நீயாகவே சொல்வதுபோல அப்பாவிடம் சொல், நீ சொன்னால்தான் கேட்பார், என் பெயரை எடுக்காதே. அதற்குள் அவர்கள் கம்பை எடுக்க வந்துவிட்டால் நான் பள்ளிக்கூடம் போகமாட்டேன், நடுக்கம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பேன், அப்பா அடித்தாலும் சரி.

வேளாவேளைக்குச் சாப்பிடு. ஆசி சொல்லும் வயது எனக்கில்லை, அம்மா சொல்வதை அவள் சார்பில் நானே எழுதிவிடுகிறேன், நூறு வயது நன்றாக இரு. அப்பாவும் இருக்க வேண்டும், படித்த கையோடு போன் செய்.

இப்படிக்கு,
உன் தங்கை